பூட்டு இல்லாத வெள்ளைச் சைக்கிள்கள்! காட்டில் ஒரு தம்பதியின் ஒரு நாள்

“எழுந்திருங்கள், விடிந்துவிட்டது! தேநீர் ஆறுகிறது!”

மனைவி கணவரை எழுப்புகிறாள்.

கணவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். வெளியே குளிர். புல்லின் நுனியில் பனித்துளி. எங்கோ ஒரு மரங்கொத்தி “டக், டக்” என்று மரத்தைத் தட்டுகிறது.

இது வீடு அல்ல. கூடாரம்!

நாலு முளை, இரண்டு கம்பு, ஒரு துணி. அதற்குள் இரண்டு பேர். சமையலுக்கு ஒரு சின்ன அடுப்பு. உட்கார இரண்டு மடக்கு நாற்காலி. இவ்வளவுதான் குடித்தனம்.

கணவருக்கு வயது 66. மனைவிக்கு 63. கல்யாணமாகி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் வளர்ந்து, தனித்தனியே வேலைக்குப் போய்விட்டார்கள். ஆண்டுதோறும் கோடை முடியும் நேரத்தில் இந்த இருவரும் இங்கே வந்து கூடாரம் அடிப்பார்கள். பகல் முழுவதும் சைக்கிளில் காட்டைச் சுற்றுவார்கள். இரவு கூடாரத்தில் தூங்குவார்கள்.

போன ஆண்டு வரவில்லை. கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

இந்த ஆண்டு வந்திருக்கிறார்கள்.

இந்தத் தம்பதியின் பெயர் என்ன என்று கேட்க வேண்டாம். இவர்களைப் போல அங்கே எத்தனையோ பேர் வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். அவர்களோடு நாமும் ஒரு நாள் போய் வரலாம், வாருங்கள்!

எங்கே இருக்கிறது இந்தக் காடு?

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. நாட்டில் பெரும்பகுதி, தட்டில் பரப்பிய மாவு போல ஒரே சமம். கடல் மட்டத்துக்கும் கீழே உள்ள நிலம் அதில் ஏராளம். கரை கட்டிக் கடலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நாட்டின் நடுப்பகுதியில் மேட்டு நிலம் ஒன்று உண்டு. அதன் பெயர் வேலுவே. சுமார் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, வடக்கே இருந்து மலை மலையாகப் பனிக்கட்டி நகர்ந்து வந்தது. அது மண்ணையும் மணலையும் தள்ளிக்கொண்டு வந்து குவித்தது. அப்படி உண்டானதுதான் இந்த மேடு.

இந்த வேலுவேயில் ஒரு பகுதிதான் ‘ஹோகே வேலுவே’ தேசியப் பூங்கா. ‘ஹோகே’ என்றால் உயரமான என்று பொருள். பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இது காடு! பரப்பு 13 ஆயிரம் ஏக்கருக்கு மேல். பைன் மரக் காடு, புதர் படர்ந்த வெட்டவெளி, பாலைவனம் போன்ற மணல்வெளி எல்லாம் இதற்குள் உண்டு. செம்மான், சிறுமான், காட்டுப்பன்றி, நரி ஆகியவை நடமாடுகின்றன.

உள்ளே போக மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஓட்டர்லோ, ஹூண்டர்லோ, ஸ்கார்ஸ்பெர்கன் என்று அவற்றுக்குப் பெயர். ஹூண்டர்லோ வாசலை ஒட்டித்தான் கூடாரம் அடிக்கும் இடம் இருக்கிறது. அங்கே ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. குளிக்க இடம் உண்டு, தண்ணீர் உண்டு. மற்றபடி மரமும் புல்லும்தான். விறகு போட்டு நெருப்பு மூட்டக் கூடாது. ஒரு பொறி பறந்தால் போதும், காய்ந்த பைன் காடு பற்றிக்கொள்ளும்!

யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்!

தேநீர் ஆயிற்று. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் ஆயிற்று. குடுவையில் சூடான காப்பி. இரண்டு ஆப்பிள். மனைவி எல்லாவற்றையும் ஒரு பையில் வைக்கிறாள். மாத்திரை டப்பாவை மறக்காமல் மேலே வைக்கிறாள்.

வாசலுக்கு வருகிறார்கள். அங்கே வரிசை வரிசையாகச் சைக்கிள்கள்! எல்லாம் ஒரே நிறம். வெள்ளை!

பூங்காவுக்குள் நுழையத்தான் கட்டணம். சைக்கிளுக்கு ஒரு காசும் கிடையாது. பேர் எழுத வேண்டாம். ஆளைக் காட்ட வேண்டாம். பிடித்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

இந்தச் சைக்கிளில் பூட்டே இல்லை!

பூட்டு இல்லை என்றால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா? போகலாம்! அதுதான் வேடிக்கை. நீங்கள் ஓரிடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போகிறீர்கள். திரும்பி வரும்போது உங்கள் சைக்கிள் அங்கே இல்லாமல் போகலாம். கோபப்படக் கூடாது. பக்கத்தில் நிற்கும் வேறொரு சைக்கிளை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே “என் சைக்கிள்” என்று ஒன்று கிடையாது. எல்லாம் எல்லோருக்கும் சொந்தம்!

இப்படி ஒரு யோசனை முதலில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில்தான் தோன்றியது. 1965-ஆம் ஆண்டு. நகரத்தில் மோட்டார் கார்கள் பெருகிவிட்டன. புகையும் நெரிசலும் தாங்க முடியவில்லை. சில இளைஞர்கள் கூடிப் பேசினார்கள். சில சைக்கிள்களுக்கு வெள்ளை வர்ணம் அடித்தார்கள். “யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்” என்று தெருவில் விட்டார்கள்.

என்ன ஆயிற்று தெரியுமா? போலீசார் வந்து சைக்கிள்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்! பூட்டாமல் சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டப்படி குற்றமாம்!

நகரத்தில் நிலைக்காத யோசனை காட்டில் நிலைத்தது. 1970-களின் நடுவில் இந்தப் பூங்காவில் வெள்ளைச் சைக்கிள்கள் வந்தன. இன்று சுமார் 1,800 சைக்கிள்கள் ஓடுகின்றன. பூங்காவைச் சுற்றி வேலி இருக்கிறது. அதனால் சைக்கிள் எங்கே சுற்றினாலும் உள்ளேதான் இருக்கும்.

கியர் இல்லை!

கணவர் ஒரு சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறார். ஆசனத்தைத் தம் உயரத்துக்கு ஏற்றுகிறார். மணியை அடித்துப் பார்க்கிறார்.

கைப்பிடியில் பிரேக் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நின்றுவிடும். பழக்கம் இல்லாதவர்கள் முதலில் தடுமாறுவார்கள். நெதர்லாந்துக்காரர்களுக்கு இது பால்பாடம். அந்த நாட்டில் மனிதர்களை விடச் சைக்கிள்கள் அதிகம்!

கியரும் இல்லை. மேடு வந்தாலும் காற்று வந்தாலும் காலால்தான் சமாளிக்க வேண்டும்.

மனைவிக்கு அதுதான் கவலை. “மெதுவாக ஓட்டலாம். மூச்சு வாங்கினால் உடனே நிறுத்த வேண்டும்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொன்னது கணவரிடம். கேட்டுக்கொண்டது மனைவி!

“இன்றைக்குப் பாதி தூரம் போதுமே?” என்கிறாள்.

“பாதியா? வழக்கமாகப் போகும் முழுச் சுற்றும் போகிறோம்! வேட்டை மாளிகை, பொருட்காட்சி, மணல்வெளி, அப்புறம் திரும்பி வருகிறோம். நான் என்ன கிழவனா?”

மனைவி பதில் பேசவில்லை. பின்னாலேயே பெடலை மிதிக்கிறாள்.

மான் கொம்பு மாளிகை

பூங்காவுக்குள் சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் இருக்கின்றன. மொத்தம் 40 கிலோ மீட்டருக்கு மேல். இரு பக்கமும் நெட்டை நெட்டையான பைன் மரங்கள். வெயில் சல்லடையில் விழுவது போலப் பொட்டுப் பொட்டாகப் பாதையில் விழுகிறது. பைன் பிசினின் வாசனை மூக்கில் ஏறுகிறது.

சந்திப்புகளில் வழிகாட்டிக் கல் நிற்கிறது. அது காளான் வடிவத்தில் இருக்கும்! முழங்கால் உயரம்கூட இல்லை. தலையில் ஊர்ப் பெயர், தூரம், ஓர் எண். இந்தக் காளான் கற்கள் 1919 முதல் நெதர்லாந்துக் காடுகளில் வழி சொல்லி வருகின்றன.

கொஞ்ச தூரம் போனதும் ஓர் ஏரி. ஏரிக்கரையில் உயரமான கோபுரத்தோடு ஒரு செங்கல் மாளிகை. தண்ணீரில் அதன் நிழல் ஆடுகிறது. ‘சின்ட் ஹூபர்டஸ்’ வேட்டை மாளிகை என்று பெயர். பெர்லாகே என்ற புகழ்பெற்ற சிற்பி வரைபடம் போட்டுக் கட்டியது. 1920-இல் கட்டி முடிந்தது.

ஹூபர்டஸ் என்பவர் வேட்டைக்காரர்களின் காவல் தெய்வம் போன்ற ஒரு கிறிஸ்தவ மகான். அவர் வேட்டையாடப் போனபோது ஒரு மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவை தெரிந்ததாம். அன்றோடு அவர் மனம் மாறிவிட்டதாம். அந்தக் கதையை நினைவூட்டும்படி மாளிகையையே மான் கொம்பு வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள்!

இருவரும் இறங்கி ஏரிக்கரையில் நிற்கிறார்கள். மனைவி கணவரின் முகத்தைப் பார்க்கிறாள். வேர்வை இருக்கிறது. ஆனால் மூச்சு சீராக இருக்கிறது.

அவருக்குக் காடு, அவளுக்குக் கலை

இந்த மாளிகையைக் கட்டியவர்களும் ஒரு கணவன்–மனைவிதான்.

கணவர் ஆன்டன் க்ரோலர். பிறந்தது 1862, ரோட்டர்டாமில். மனைவி ஹெலேனே முல்லர். பிறந்தது 1869, ஜெர்மனியில். 1888-இல் இவர்களுக்குத் திருமணம் நடந்தது. ஹெலேனேயின் தகப்பனார் இரும்புத் தாது வியாபாரமும் கப்பல் தொழிலும் நடத்திய பெரிய முதலாளி. அவர் மறுவருஷமே இறந்துவிட்டார். 27 வயது மாப்பிள்ளையின் தலையில் கம்பெனிப் பொறுப்பு விழுந்தது.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். கம்பெனி வளர்ந்தது. பணம் குவிந்தது.

ஆன்டனுக்கு வேட்டையில் பிரியம். 1909 முதல் வேலுவேயில் நிலத்தை வாங்கிக் குவித்தார். வேலி போட்டார். வெளிநாட்டிலிருந்து காட்டுச் செம்மறிகளைக் கொண்டுவந்து விட்டார்.

ஹெலேனே அம்மையாருக்கு வேட்டையில் நாட்டம் இல்லை. அவர் மனம் ஓவியத்தில் இருந்தது. வின்சென்ட் வான் கோ என்ற ஓவியரின் படங்களை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். வான் கோ வறுமையில் வாடி 1890-இல், 37 வயதில் இறந்துபோனவர். உயிரோடு இருந்தபோது அவர் படங்களை வாங்கியவர்கள் மிகச் சிலரே!

1911-இல் அம்மையாருக்குக் கடுமையான நோய் வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. பிழைப்பதே சந்தேகம் என்ற நிலை. அப்போது அவர் ஒரு முடிவு செய்தார். பிழைத்து எழுந்தால் படங்களுக்காக ஒரு மாளிகை கட்டி, பிற்கால மக்களுக்கு விட்டுப்போக வேண்டும்!

பிழைத்துக்கொண்டார்.

1921-இல் காட்டின் நடுவே பிரம்மாண்டமான பொருட்காட்சி சாலைக்கு வேலை ஆரம்பமாயிற்று. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின்னால் காலம் கெட்டுவிட்டது. கம்பெனிக்குக் கடன் ஏறியது. மறு ஆண்டே கட்டட வேலை நின்றுபோயிற்று.

அடுத்த பத்து ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. உலகமெங்கும் வியாபார மந்தம். நிலத்தையும் படங்களையும் துண்டு துண்டாக விற்றுக் கடனை அடைக்க வேண்டிய நெருக்கடி.

கணவனும் மனைவியும் என்ன செய்தார்கள் தெரியுமா?

இரண்டையும் நாட்டுக்கே விட்டுவிட வழி தேடினார்கள்! 1935-இல் படங்கள் எல்லாம் நெதர்லாந்து அரசுக்குப் போய்ச் சேர்ந்தன. “காட்டுக்குள் ஒரு பொருட்காட்சி சாலை கட்ட வேண்டும்” என்பது ஒன்றுதான் நிபந்தனை. நிலம் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அன்று முதல் அது பொதுமக்களின் பூங்கா ஆயிற்று.

சின்னக் கட்டடம்

நம் தம்பதி இப்போது அந்தப் பொருட்காட்சி சாலை வாசலில் நிற்கிறார்கள். வெள்ளைச் சைக்கிள்களைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

‘க்ரோலர்–முல்லர்’ பொருட்காட்சி சாலை 1938-இல் திறக்கப்பட்டது. அம்மையார் கனவு கண்ட பிரம்மாண்டமான மாளிகை இது அல்ல. பணம் இல்லாததால் சின்னதாகக் கட்டினார்கள். “தற்காலிகக் கட்டடம்” என்றுதான் சொன்னார்கள். பெரிய கட்டடம் வரவே இல்லை!

ஆனால் சின்னக் கட்டடத்துக்குள் இருக்கும் செல்வத்தைப் பாருங்கள். வான் கோ தீட்டிய வண்ணப் படங்கள் மட்டும் ஏறத்தாழ 90. கோட்டுப் படங்கள் 180-க்கு மேல். ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ பொருட்காட்சி சாலைக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே அதிகமான வான் கோ படங்கள் இங்கேதான் உள்ளன.

ஒரு படத்தின் முன்னால் இருவரும் நின்றுவிடுகிறார்கள். இரவு நேரம். வீதி ஓரத்தில் ஒரு காப்பிக் கடை. மஞ்சள் விளக்கு. மேலே நீல வானத்தில் நட்சத்திரங்கள். 1888-இல் வான் கோ தீட்டியது.

கல்யாணமான புதிதில் இதே படத்தின் முன்னால் இதே இருவரும் நின்றிருக்கிறார்கள்.

“படம் அப்படியே இருக்கிறது” என்கிறார் கணவர்.

“நாம்தான் மாறிவிட்டோம்” என்கிறாள் மனைவி.

பொருட்காட்சி திறந்த மறு ஆண்டு, 1939-இல், ஹெலேனே அம்மையார் இறந்துபோனார். 1941-இல் ஆன்டனும் போய்விட்டார். இருவரையும் இந்தக் காட்டிலேயே ஒரு குன்றின் மேல் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

காற்று எதிர்த்தது!

வெளியே வந்து பார்த்தால் அவர்கள் சாய்த்து வைத்த சைக்கிள்கள் இல்லை! யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருவரும் சிரித்துக்கொண்டே வேறு இரண்டு எடுத்துக்கொள்கிறார்கள். மனைவிக்குக் கிடைத்த சைக்கிளில் குழந்தைகளை உட்காரவைக்கும் கூடை பொருத்தியிருக்கிறது. சாப்பாட்டுப் பையை அதில் வைத்துக்கொள்கிறாள். “நல்ல குழந்தை, அழவில்லை!” என்கிறார் கணவர்.

மரங்கள் குறைகின்றன. வெட்டவெளி வருகிறது.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை முழங்கால் உயரப் புதர். அதில் சின்னச் சின்ன ஊதாப் பூக்கள். ‘ஹெதர்’ என்று அந்தச் செடிக்குப் பெயர். ஆகஸ்ட் மாதத்தில் பூத்துக் குலுங்கும். இப்போது செப்டம்பர் ஆரம்பம். பூக்கள் கொஞ்சம் வாடியிருக்கின்றன. ஆனாலும் தேனீக்கள் விடவில்லை. “ஙொய்” என்ற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்தப் புதர்வெளி தானாக நிலைத்து நிற்பது அல்ல. அந்தக் காலத்தில் ஆடுகள் மேய்ந்ததால் மரம் முளைக்காமல் இருந்தது. இன்று மனிதர்கள் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் வரும் நைட்ரஜன் காற்றில் கலந்து மண்ணில் இறங்குகிறது. மண்ணுக்கு உரம் ஏறினால் புல் கொழுக்கிறது. புல் கொழுத்தால் ஹெதர் மறைந்துபோகும்.

வெட்டவெளியில் இன்னொன்றும் உண்டு. காற்று!

அன்று காற்று எதிர்முகமாக வீசியது. மிதிக்க மிதிக்க வண்டி நகர மறுக்கிறது. கியர் கிடையாது. கணவர் முன்னால் குனிந்து மிதிக்கிறார். ஒரு மேடு. அதற்கப்பால் இன்னொரு மேடு.

மனைவி பின்னாலிருந்து பார்க்கிறாள். அவர் தோள்கள் ஏறி இறங்குகின்றன. மணியடிப்பதை நிறுத்திவிட்டார். பேச்சையும் நிறுத்திவிட்டார்.

“நிறுத்துங்கள்” என்று சொன்னால் கேட்பாரா? கேட்க மாட்டார். நாற்பது ஆண்டு அனுபவம்!

ஒரு காளான் கல் வருகிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் முழுச் சுற்று. இடப்பக்கம் திரும்பினால் கூடாரத்துக்குச் சீக்கிரம் திரும்பும் வழி.

“கொஞ்சம் நில்லுங்கள்!” என்று மனைவி கூப்பிடுகிறாள். “என் கால் வலிக்கிறது. முட்டியில் ஏதோ பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் என்னால் மிதிக்க முடியாது.”

கணவர் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறார். மனைவியின் காலைப் பார்க்கிறார். மனைவியின் முகத்தைப் பார்க்கிறார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

“சரி. உன் கால் வலிக்கும்போது நான் பிடிவாதம் பிடிக்கலாமா? இடப்பக்கமே போகலாம்” என்கிறார்.

பாலைவனம் போல ஒரு மணல்வெளி

பக்கத்திலேயே மணல்வெளியின் ஓரம் தெரிகிறது. அங்கே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.

மழை நிறையப் பெய்யும் நாட்டில் பாலைவனம் எப்படி வந்தது? மனிதன் செய்த வேலை! பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் காட்டை வெட்டினார்கள். அளவுக்கு மேல் ஆடு மேய்த்தார்கள். வயலுக்கு உரமாகப் போட, புல்லோடு மேல்மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அடியிலிருந்த மணல் கிளம்பிவிட்டது. காற்றடிக்கும்போதெல்லாம் மணல் நகர்ந்து வந்து வயல்களை மூடியது. மக்கள் பயந்து பைன் மரங்களை நட்டு மணலைக் கட்டிப்போட்டார்கள்.

இன்று கதை தலைகீழ்! ஐரோப்பாவில் இப்படிப்பட்ட நகரும் மணல்வெளி அருகிவிட்டது. மணலை நம்பி வாழும் பூச்சிகளும் பல்லிகளும் பறவைகளும் அதோடு போய்விடும். ஆகவே மணலில் முளைக்கும் பைன் கன்றுகளை இப்போது பிடுங்கி எறிகிறார்கள். ஒரு காலத்தில் எதிரியாக இருந்த மணலை இன்று காப்பாற்றுகிறார்கள்!

கணவர் ஆப்பிளைக் கத்தியால் நறுக்கி ஒரு துண்டை மனைவியிடம் நீட்டுகிறார். மனைவி மாத்திரையை அவரிடம் நீட்டுகிறாள். அவர் முகத்தில் பழைய நிறம் வந்துவிட்டது.

ஈர மணலில் ஏதோ காலடித் தடம் தெரிகிறது. நாயின் தடம் போல இருக்கிறது. ஆனால் பெரியது.

“ஓநாயா?” என்று மனைவி மெதுவாகக் கேட்கிறாள்.

இருக்கலாம்! நெதர்லாந்தில் ஓநாய் ஒழிந்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மனிப் பக்கமிருந்து அது மெல்லத் திரும்பி வந்தது. 2019-இல் வேலுவேயில் குட்டிகள் பிறந்தன. பிறகு வேலியையும் தாண்டி இந்தப் பூங்காவுக்குள் ஓநாய் வந்துவிட்டது. ஆன்டன் க்ரோலர் கொண்டுவந்து விட்ட இனமான காட்டுச் செம்மறிகள் அதற்கு இரையாகி மிகவும் குறைந்துபோயின. “ஓநாய் வேண்டும்” என்று ஒரு கட்சி. “வேண்டாம்” என்று ஒரு கட்சி. விவாதம் ஓயவில்லை.

தம்பதி தடத்தைப் பார்த்துவிட்டு ஒரு துணுக்கு ரொட்டியைக்கூடக் கீழே விடாமல் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். காட்டு விலங்குக்குத் தீனி போட்டுப் பழக்கக் கூடாது.

காட்டின் ராஜா கர்ஜித்தது!

திரும்பும் வழியில் காற்று முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. மிதிக்காமலே சைக்கிள் ஓடுகிறது! கணவர் மறுபடியும் மணியடிக்கிறார்.

இன்னும் வெளிச்சம் இருக்கிறது. முழுச் சுற்று போயிருந்தால் இந்நேரம் எங்கோ தூரத்தில் இருப்பார்கள். இப்போது அவசரம் இல்லை.

பாதை ஓரத்தில் ஒரு மறைவிடம். விலங்குகளைப் பார்ப்பதற்கென்றே கட்டிய மரத்தடுப்பு அது. நடுவில் நீளமாக இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதன் வழியாகப் பார்த்தால் எதிரே பரந்த புல்வெளி. ஏற்கனவே நாலைந்து பேர் அங்கே மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். தம்பதியும் சத்தமில்லாமல் போய் நிற்கிறார்கள்.

கால் மணி நேரம் ஆகிறது. ஒன்றும் இல்லை.

அரை மணி நேரம். மரநிழல் நீள்கிறது.

திடீரென்று காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்! மாடு கத்துவது போலவும் இருக்கிறது. சிங்கம் உறுமுவது போலவும் இருக்கிறது. நெஞ்சுக்குள் போய் அதிர்கிறது.

செம்மான்! செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அவற்றுக்கு இணை சேரும் காலம். ஆண் மான் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து கர்ஜிக்கும். “இந்தப் பெண் மான்கள் என்னுடையவை. கிட்டே வராதே!” என்று மற்ற ஆண் மான்களுக்கு எச்சரிக்கை. எச்சரிக்கையைக் கேட்காமல் வந்தால் கொம்போடு கொம்பு மோதும்.

மரங்களுக்கிடையே முதலில் கொம்பு தெரிகிறது. காய்ந்த மரக்கிளை போலக் கவடு கவடாக இருக்கிறது. பிறகு தலை. பிறகு முழு உடம்பு. பிடரியில் அடர்ந்த மயிர். மூச்சு ஆவியாகக் கிளம்புகிறது. பின்னால் ஏழெட்டுப் பெண் மான்கள்.

இந்தக் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து, ஆண்டுதோறும் புதிதாக முளைப்பது! குளிர்காலம் முடியும் சமயத்தில் விழும். கோடைக்குள் பழையபடி வளர்ந்துவிடும்.

யாரும் பேசவில்லை. கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

அன்று முழுவதும் அவர்கள் பார்த்த காட்சிகளில் இதுதான் பெரிய காட்சி. முழுச் சுற்று போயிருந்தால் இது கிடைத்திருக்காது!

“உன் கால் எப்படி இருக்கிறது?”

பொழுது சாய்கிறது. வெள்ளைச் சைக்கிள்களைக் கொண்டுவந்து வாசலில் பழைய இடத்தில் நிறுத்துகிறார்கள். நாளைக்கு வேறு யாரோ எடுப்பார்கள்.

கூடார வாசலில் சின்ன அடுப்பு எரிகிறது. பட்டாணி சூப் கொதிக்கிறது. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு குழந்தை, “நான் மானைப் பார்த்தேன்! நான்தான் முதலில் பார்த்தேன்!” என்று கத்துகிறது.

சாப்பாடு முடிந்தது. வானத்தில் நட்சத்திரங்கள் வந்துவிட்டன. காலையில் படத்தில் பார்த்த அதே நீல வானம்!

“உன் கால் எப்படி இருக்கிறது?” என்று கணவர் கேட்கிறார்.

“என் காலுக்கு என்ன?” என்கிறாள் மனைவி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

கணவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். “எனக்கு அப்போதே தெரியும்! வலிக்கிற கால் எது என்று கேட்டிருந்தால் உனக்கே சொல்லத் தெரிந்திருக்காது!”

“தெரிந்துமா திரும்பினீர்கள்?”

“தெரிந்ததால்தான் திரும்பினேன்.”

மனைவிக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

தூரத்தில், இருட்டுக்குள்ளிருந்து செம்மானின் குரல் மறுபடியும் கேட்கிறது. இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள்.

“அடுத்த ஆண்டு முழுச் சுற்றும் போகலாம்” என்கிறார் கணவர்.

“போகலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு போகலாம்” என்கிறாள் மனைவி.

கூடாரத்தின் விளக்கு அணைகிறது.